கடற்பூதமும் கடலின் விதிகளும்
ஒரு கணினி விளையாட்டைப் பற்றிய அறிவியல் திறனாய்வு

கடலைப் பற்றிய அச்சம் மனிதனுக்குப் புதிதன்று. கலம் ஏறிய நாள் முதலே அவன் ஆழத்தில் பூதங்களையும் கற்பனை செய்து வந்திருக்கிறான். முன்பு இக்கற்பனை கதையாகவும் பாட்டாகவும் இருந்தது, பிறகு திரைப்படமாயிற்று, இன்று கணினி விளையாட்டாக மாணவர்களின் கைக்கு வந்திருக்கிறது. கதையைக் கேட்பவன் பயந்துகொண்டு உட்கார்ந்திருக்கலாம். விளையாடுபவனோ பூதத்திடமிருந்து தானே தப்பியாக வேண்டும். இத்தகைய விளையாட்டுகளை ‘அச்சப் பிழைப்பு விளையாட்டுகள்’ என்று தமிழில் சொல்லலாம். 1996இல் ஜப்பானின் காப்காம் நிறுவனம் வெளியிட்ட ‘ரெசிடெண்ட் ஈவில்’ இந்த வகைக்குப் பெயரையும் புகழையும் தேடித் தந்தது. எதிரி வலியவன், நம் கையிலுள்ள தோட்டா சில, வழி இருட்டு என்பதே இவ்வகையின் இலக்கணம்.

கடலையே களமாகக் கொண்ட இத்தகைய விளையாட்டுகளுள் குறிப்பிடத்தக்கது ‘சப்நாட்டிகா’. அமெரிக்காவின் அன்னோன் வேர்ல்ட்ஸ் நிறுவனம் இதை 2014 டிசம்பரில் முன்னோட்டமாகவும் 2018 ஜனவரியில் முழு வடிவிலும் வெளியிட்டது. இதை முழுமையான அச்ச விளையாட்டு என்று சிலர் ஒப்பமாட்டார்கள். ஆனால் இருண்ட நீரில் தொலைவிலிருந்து ஓர் உறுமலைக் கேட்டவர்கள் அப்படிச் சொல்லத் தயங்குவார்கள். கல்லூரி மாணவர்கள் பலர் இதை விளையாடுகிறார்கள். இதிலிருந்து கடலைப் பற்றி எதையோ கற்றுக்கொள்ளவும் செய்கிறார்கள். எதைக் கற்கிறார்கள் என்பதை வேம்பார்க் கரையில் நின்று பார்ப்பது பொருத்தமாக இருக்கும். ஏனெனில் விளையாட்டில் உள்ளதை உண்மையாகவே செய்தவர்களின் கரை இது.

கதைச் சுருக்கம்

4546பி என்பது ஒரு கற்பனைக் கோள். ஏறத்தாழ முழுவதும் கடல். ‘அரோரா’ என்னும் விண்கலம் அங்கே விழுந்து நொறுங்குகிறது. தப்பிய ஒருவன் சிறு மிதவை ஒன்றில் கண் விழிக்கிறான். அவனே நாம். மூச்சடக்கி மூழ்கி, மீனும் உலோகமும் பவளமும் திரட்டி, கருவிகள் செய்து, மேலும் ஆழம் சென்று கோளைவிட்டு மீள வேண்டும். வழியில் பல விலங்குகள் எதிர்ப்படுகின்றன. சுறா போன்றவை உண்டு. மேலே பாய்ந்து வெடிக்கும் மீன் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக ‘ரீப்பர்’ என்னும் 55 மீட்டர் நீளப் பெருவிலங்கு உண்டு. அது நம் சிறு நீர்மூழ்கியைத் தன் கொடுக்குகளால் பற்றி உலுக்கும்போது நாற்காலியில் இருப்பவரும் துள்ளி எழுவார்.

ஆயுதமில்லாப் பிழைப்பு

முதலில் பாராட்ட வேண்டியதைப் பாராட்டிவிடுவோம். இந்த விளையாட்டில் சுட்டுக் கொல்லும் துப்பாக்கி கிடையாது. 2012 டிசம்பரில் அமெரிக்காவின் சாண்டி ஹுக் பள்ளியில் நடந்த துப்பாக்கிச் சூடு இம்முடிவுக்குக் காரணம் என்று இதன் இயக்குநர் சார்லி கிளீவ்லண்ட் கூறியிருக்கிறார். கத்தி ஒன்று உண்டு. விலங்கைச் சில விநாடிகள் அசையாமல் நிறுத்தும் கருவியும் உண்டு. அரும்பாடுபட்டு ரீப்பரைக் கொல்லவும் முடியும். ஆனால் கொன்றவனுக்குப் பரிசு ஒன்றுமில்லை. இது கவனிக்கத்தக்கது. பெரும்பாலான விளையாட்டுகள் பிணத்துக்கு மதிப்பெண் தருகின்றன. இதுவோ அறிவுக்கு மதிப்பெண் தருகிறது. கையிலுள்ள அலகிடும் கருவியால் ஒரு விலங்கை ஆராய்ந்தால் அதன் பழக்கமும் உணவும் குறிப்பேட்டில் பதிகின்றன. எந்த விலங்கு எந்த எல்லைக்குள் திரிகிறது, எது உலோகத்தை நாடுகிறது, எது மீனைக் கொடுத்தால் சற்றுத் தணிகிறது என்று அறிந்தவன் பிழைக்கிறான்.

ஓர் உயிரியைக் கவனி, அதன் நடத்தையில் ஒழுங்கைக் காண், அந்த ஒழுங்கைக் கொண்டு முன்கூட்டிச் சொல் என்பது அறிவியல் முறையே அல்லவா? பாடப்புத்தகத்தில் ஒரு பக்கத்தில் எழுதி மாணவர் மனத்தில் பதியாத செய்தியை இந்த விளையாட்டு பயத்தின் வாயிலாகப் பதிய வைக்கிறது. இது சிறிய சாதனையன்று.

உறுமலின் இயற்பியல்

இனி, குறைகளுக்கு வருவோம். ரீப்பரின் உறுமலே இந்த விளையாட்டின் உச்சம். அந்த உறுமல் வெறும் ஓசையன்று, எதிரொலியால் இரையைக் காணும் முறை என்று குறிப்பேடு விளக்குகிறது. உறுமல் உனக்குக் கேட்டால் நீ அதன் பார்வைக்குள் இருக்கிறாய் என்பது அதன் கருத்து. படிக்கும்போது முதுகு சில்லிடுகிறது. ஆனால் இயற்பியல் இதற்கு எளிதில் இடம் தராது.

கடல்நீரில் ஒலியின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 1500 மீட்டர். கேட்பதற்கு உறுமலாக இருக்கும் ஒலியின் அதிர்வெண்ணை 100 ஹெர்ட்ஸ் எனக் கொள்வோம். வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் 15 மீட்டர் வருகிறது. இவ்வளவு நீண்ட அலையைக் கொண்டு இரண்டு மீட்டருக்கும் குறைந்த மனித உடலின் வடிவையும் இடத்தையும் துல்லியமாக அறிய முடியாது. ‘அங்கே ஏதோ இருக்கிறது’ என்பதற்கு மேல் அதற்குத் தெரியாது. ஓங்கில்கள் 1,00,000 ஹெர்ட்ஸ் அளவிலான ஒலியைப் பயன்படுத்துவதன் காரணம் இதுவே. அதன் அலைநீளம் ஒன்றரை சென்டிமீட்டர்தான். ஆகவே அவற்றால் சிறு மீனையும் குறிபார்க்க முடிகிறது. ஆனால் அந்த ஒலி மனிதக் காதுக்கு எட்டாது. உண்மையான வேட்டை ஒலி நமக்குக் கேட்காத ஒலி! படைத்தவர்கள் இதைப் பயன்படுத்தியிருந்தால் அச்சம் இரட்டித்திருக்கும்.

இரண்டாவது செய்தி இன்னும் சுவையானது. ஒலி பரவும்போது அதன் செறிவு தொலைவின் இருமடிக்கு ஏற்பக் குறைகிறது. உறுமல் நம்மை அடைய ஒரு வழிப் பயணம் போதும். எதிரொலியோ நம்மிடமிருந்து திரும்பவும் பயணம் செய்ய வேண்டும். திரும்பும்போதும் அவ்வாறே குறைகிறது. ஆகவே எதிரொலி தொலைவின் நான்மடிக்கு ஏற்பத் தேய்கிறது. இதன் பொருள் என்ன? வேட்டையாடுவது இரையைக் காணும் முன்பே இரை அதன் ஒலியைக் கேட்டுவிட வாய்ப்பு மிகுதி. வௌவாலின் ஒலியைக் கேட்டுத் திசைமாறும் விட்டில் பூச்சிகள் இந்த விதியால்தான் பிழைக்கின்றன. ஆக, விளையாட்டு சொல்லும் விதி தலைகீழானது. உறுமல் கேட்கிறதென்றால் தப்புவதற்கு இன்னும் காலம் இருக்கிறது என்றே பெரும்பாலும் பொருள்.

மூன்றாவது, திசை. காதில் ஒலிக்கருவி அணிந்து விளையாடுவோர் ரீப்பர் இடப்புறமா, வலப்புறமா என்று எளிதில் அறிகிறார்கள். காற்றில் இது இயல்பு. இரு காதுகளுக்கும் இடையே 20 சென்டிமீட்டர் எனக் கொண்டால் பக்கவாட்டிலிருந்து வரும் ஒலி ஒரு காதைவிட மறுகாதைச் சுமார் 0.6 மில்லி விநாடி தாமதமாக அடையும். மூளை இத்தாமதத்தைக் கொண்டு திசையைக் கணிக்கிறது. நீரிலோ ஒலி நான்கு மடங்குக்கு மேல் விரைவாகச் செல்வதால் தாமதம் 0.13 மில்லி விநாடியாகச் சுருங்கிவிடும். மேலும் ஒலி மண்டையோட்டின் வழியாகவும் காதை அடைகிறது. ஆகவே நீருக்கடியில் ஒலி எல்லாப் பக்கத்திலிருந்தும் வருவதுபோல் தோன்றும். மூழ்கியவனுக்குப் படகு இயந்திரத்தின் ஓசை நன்றாகக் கேட்கும். படகு எந்தப் பக்கம் என்று தெரியாது. இந்த விளையாட்டு மூழ்கியவனுக்குத் தரையில் நிற்பவனின் காதைக் கொடுத்திருக்கிறது.

55 மீட்டர் விலங்குக்கு உணவு எங்கே?

நாம் அறிந்தவற்றுள் மிகப் பெரிய விலங்காகிய நீலத் திமிங்கலம் 30 மீட்டர் அளவே வளர்கிறது. வடிவம் மாறாமல் நீளம் இருமடங்கானால் எடை எட்டு மடங்காகும் என்பது மாணவர்கள் அறிந்த கணக்கு. நீலத் திமிங்கலத்தின் எடை 100 டன்னைத் தாண்டும். ரீப்பர் அதைவிட ஒல்லியானது என்று தள்ளுபடி கொடுத்தாலும் பல நூறு டன் எடை வரும். நீரில் மிதப்பதால் அவ்வளவு எடையைத் தாங்குவது அரிதன்று. உணவுதான் சிக்கல்.

உணவுச் சங்கிலியில் ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குச் செல்லும் ஆற்றல் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே. இதனால்தான் நீலத் திமிங்கலம் பெரிய மீன்களைத் துரத்தாமல் கூனிப்பொடி போன்ற கிரில்களை அள்ளி உண்கிறது. கீழ்ப்படியில் உண்பவனுக்கே பெரிய உடல் கட்டுபடியாகும். உச்சியிலிருந்து வேட்டையாடும் விலங்கு எண்ணிக்கையில் சிலவாகவும் பரந்த எல்லையில் சிதறியும் இருக்க வேண்டும். விளையாட்டில் சில கிலோமீட்டர் அகலப் பரப்பில் ரீப்பர்கள் பல உலவுகின்றன. அவை ஒரே வாரத்தில் கடலைக் காலி செய்துவிட்டுப் பட்டினி கிடக்க வேண்டியதுதான். கற்பனைக்கு உரிமை உண்டு என்பீர்கள். உண்டு. ஆனால் உயிரினங்களை ஆராயச் சொல்லும் விளையாட்டில் இந்தக் கேள்விக்கு இடமில்லாமற் போனது குறைதான்.

மூச்சுக் கணக்கு

விளையாட்டின் தொடக்கத்தில் நமக்குக் கிடைப்பது 45 விநாடி மூச்சு. முதல் உருளையை அணிந்தால் மேலும் 30 விநாடி. உண்மையில் 12 லிட்டர் கொள்ளளவுள்ள உருளையில் 200 வளிமண்டல அழுத்தத்தில் காற்றை அடைத்தால் 2400 லிட்டர் காற்று கிடைக்கும். நிமிடத்துக்கு 20 லிட்டர் மூச்சு எனில் மேற்பரப்பில் இரண்டு மணி நேரம் வரும். 10 மீட்டர் ஆழத்துக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுவதால் அங்கே அதே உருளை ஒரு மணி நேரமும், 30 மீட்டரில் அரை மணி நேரமுமே வரும். விளையாட்டிலோ 100 மீட்டர் வரை மூச்சு ஒரே வேகத்தில் செலவாகிறது. அதற்குக் கீழேதான் கூடுகிறது. மூச்சு மீள்கருவியை அணிந்தால் அந்தக் கூடுதலும் நீங்குகிறது. இந்தக் கடைசிச் செய்தி மட்டும் சரியே. வெளிவிடும் காற்றை வீணாக்காமல் கரியமிலவாயுவை நீக்கித் திரும்ப மூச்சிழுக்கத் தரும் கருவியில் உடல் எரிக்கும் ஆக்சிஜன் மட்டுமே செலவாகும். அது ஆழத்தைப் பொறுத்ததன்று.

விநாடிகளை எண்ணிக் காட்டும் முறையில்தான் பெரிய பிழை உள்ளது. 30 விநாடி, 10 விநாடி என்று விளையாட்டு நம்மை எச்சரிக்கிறது. உடல் அவ்வாறு எச்சரிப்பதில்லை. மூச்சிழுக்கத் தூண்டுவது பெரும்பாலும் கரியமிலவாயுவின் பெருக்கமே; ஆக்சிஜன் குறைவு அன்று. மூழ்கும் முன் பலமுறை வேகமாக மூச்சு வாங்கினால் கரியமிலவாயு குறைந்து, தூண்டுதல் தாமதமாகிறது. ஆக்சிஜனோ சொல்லாமல் தீர்கிறது. ஆழத்தில் அழுத்தத்தால் போதுமானதாக இருந்த ஆக்சிஜன், மேலே வரும்போது அழுத்தம் குறைவதால் திடீரெனப் போதாமற் போகிறது. நீர்மட்டத்துக்கு ஓரிரு மீட்டர் கீழே வலியோ எச்சரிக்கையோ இன்றி நினைவு தப்பிவிடும். கிணற்றிலும் குளத்திலும் மூச்சடக்கிப் பந்தயம் கட்டும் இளைஞர்கள் இதை மனத்தில் இருத்த வேண்டும்.

காணாமற் போன எதிரி

சப்நாட்டிகாவில் எண்ணற்ற எதிரிகள் உண்டு. ஆனால் மூழ்குவோரை உண்மையில் வீழ்த்தும் பேரெதிரி அதில் இல்லை. அந்த எதிரிக்குப் பல்லும் இல்லை, உறுமலும் இல்லை. அது காற்றின் பெரும்பகுதியான நைட்ரஜன்.

அழுத்தம் கூடினால் நீர்மத்தில் கரையும் வாயுவின் அளவும் கூடும் என்பது ஹென்றி விதி. ஆழத்தில் அழுத்தமுள்ள காற்றை நெடுநேரம் மூச்சிழுப்பவரின் இரத்தத்திலும் திசுக்களிலும் நைட்ரஜன் மிகுதியாகக் கரைகிறது. மெதுவாக மேலே வந்தால் அது நுரையீரல் வழியே வெளியேறிவிடும். விரைந்து வந்தால் சோடாப் புட்டியைத் திறந்தது போலக் குமிழ்கள் தோன்றும். அவை மூட்டில் தங்கினால் கடும் வலி, தண்டுவடத்தில் தங்கினால் கால்கள் முடங்கும், உயிரும் போகலாம். விளையாட்டிலோ 500 மீட்டர் ஆழத்திலிருந்து ஒரே மூச்சில் மேலே வந்து உடனே மீன் சமைக்கலாம்!

இது வெறும் ஏட்டுக் குறையன்று. தூத்துக்குடிக் கரையிலும் கீழக்கரைப் பக்கத்திலும் சங்கு குளிப்போர் பலர் படகிலுள்ள கம்ப்ரசரிலிருந்து குழாய் வழியே வரும் காற்றை மூச்சிழுத்துத் தொழில் செய்கின்றனர். முன்னோர் ஒரு மூச்சில் ஒரு நிமிட அளவே கீழே இருந்தனர்; நைட்ரஜன் சேர நேரமில்லை. குழாய்க் காற்றில் மணிக்கணக்காக இருக்க முடிகிறது. அங்கேதான் ஆபத்து தொடங்குகிறது. இன்னொரு வேறுபாடும் உண்டு. மேலே மூச்சடக்கிச் சென்றவரின் நுரையீரலில் உள்ள 6 லிட்டர் காற்று 10 மீட்டர் ஆழத்தில் பாயில் விதிப்படி 3 லிட்டராகச் சுருங்கும். மேலே வந்ததும் மீண்டும் 6 லிட்டர். குழாய்க் காற்றை 10 மீட்டரில் 6 லிட்டர் இழுத்துவிட்டு மூச்சடக்கியபடி மேலே வந்தால் அது 12 லிட்டராக விரிய முயலும். நுரையீரல் கிழியும். பழைய முறையில் காத்த பழக்கமே புதிய முறையில் கொல்லும் என்பதை எத்தனை இளைஞர் அறிவர்? உலகெங்கும் விளையாடப்படும் ஒரு கடல் விளையாட்டு இந்த ஒரு விதியைச் சேர்த்திருந்தால் எந்த எச்சரிக்கைப் பலகையையும்விட அது பயன் தந்திருக்கும்.

கடல்கட்டியும் சுறாவும்

வேம்பார், பரதவரின் பழைய ஏழு துறைகளுள் ஒன்று. எதிரே மன்னார் வளைகுடாத் தீவுகளில் வேம்பார்க் கூட்டத்தைச் சேர்ந்த உப்புத்தண்ணி, புளுவினிசல்லி, நல்லதண்ணித் தீவுகள் உள்ளன. முத்துச் சலாபம் நடந்த காலத்தில் இக்கரையின் குளியாட்கள் 15 கிலோவும் அதற்கு மேலும் எடையுள்ள கல்லைப் பற்றிக்கொண்டு பாரில் இறங்கிச் சிப்பிகளைக் கூடையில் அள்ளினர். அவர்களுக்கும் ஒரு பூதம் இருந்தது; அது சுறா. அதற்கு அவர்கள் வைத்திருந்த காப்பு ‘கடல்கட்டி’ எனப்பட்ட மந்திரக்காரர். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இப்பகுதிக்கு வந்த மார்க்கோ போலோ, பெருமீன்களைப் பகலில் மந்திரத்தால் கட்டி இரவில் அவிழ்த்துவிடுவோரைப் பற்றியும், அவர்களுக்கு இருபதில் ஒரு பங்கு கிடைத்ததைப் பற்றியும் எழுதியிருக்கிறார். ஆங்கிலேயர் காலத்திலும் இவ்வழக்கம் நீடித்தது.

மந்திரம் சுறாவைக் கட்டவில்லை என்று சொல்ல அறிவியல் பட்டம் தேவையில்லை. ஆனால் அத்துடன் நிறுத்துவது அரைகுறை ஆராய்ச்சி. சுறாவால் நேர்ந்த விபத்துகள் மிக அரிதென்றே 19ஆம் நூற்றாண்டில் இலங்கைச் சலாபத்தைப் பற்றி எழுதிய எமர்சன் டென்னன்ட் குறித்திருக்கிறார். நூற்றுக்கணக்கானோர் ஒரே இடத்தில் குதித்து மூழ்கும் ஆரவாரத்துக்கு அஞ்சிச் சுறாக்கள் விலகியிருக்கலாம். அரிதாக நிகழும் ஒன்றைத் தடுப்பதாகச் சொல்லும் எந்த மந்திரமும் பலிப்பது போலவே தோன்றும். இதை நிகழ்தகவு பயிலும் மாணவர் உணர்வர்.

ஆனால் மந்திரத்தால் ஒரு பயன் இருந்திருக்கக் கூடும். அச்சம் இதயத் துடிப்பைக் கூட்டுகிறது; ஆக்சிஜன் விரைவில் தீர்கிறது. அமைதியாக மூழ்குபவனின் இதயம் மெதுவாகத் துடிக்கிறது. அவனுக்கு மூச்சு நீள்கிறது. கடல்கட்டி கட்டியது சுறாவையன்று, குளியாளின் அச்சத்தை என்று கொள்ளலாம். சப்நாட்டிகாவில் இந்தத் தொடர்பு அடியோடு இல்லை. ரீப்பர் எதிரே வந்தாலும், அமைதியான பவளத் திட்டில் உலவினாலும் ஆக்சிஜன் விநாடிக்கு ஒன்றாகவே குறைகிறது. நம் இதயம்தான் துடிக்கிறது. திரையிலுள்ளவனின் இதயம் துடிப்பதில்லை. அச்சத்தையே கருவாகக் கொண்ட விளையாட்டு அச்சத்தின் விலையைக் கணக்கில் சேர்க்கவில்லை என்பதே என் முதன்மையான குற்றச்சாட்டு.

தூத்துக்குடிப் பக்கத்தில் கடைசிச் சலாபம் 1961இல் நடந்தது. மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாயின. இன்று சுறாவின் நிலை என்ன? 2021இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்த ஆய்வின்படி, திறந்த கடலில் வாழும் சுறா, திருக்கை இனங்களின் எண்ணிக்கை 1970ஐ ஒப்பிட 71 விழுக்காடு வீழ்ந்துவிட்டது. காரணம் மிகை மீன்பிடிப்பு. உலகம் முழுவதிலும், மனிதர் சீண்டாமல் சுறா கடித்த நிகழ்ச்சிகள் ஆண்டுக்குச் சராசரியாக நூறுகூட இல்லை. யார் யாருக்குப் பூதம் என்பதை இந்தக் கணக்கு சொல்லிவிடுகிறது.

முடிவாக

எதிரியைக் கொல்வதைவிட அறிவது மேல் என்று கற்பிக்கும் விளையாட்டு என்ற வகையில் சப்நாட்டிகாவை மாணவர்கள் விளையாடலாம், குற்றமில்லை. ஒலியிலும் ஒளியிலும் அது உண்டாக்கும் கடற்சூழல் உயர்ந்த கலை. ஆனால் அதைக் கடலின் பாடநூலாகக் கொள்ளலாகாது. ஒலியின் அலைநீளம், உணவுச் சங்கிலி, பாயில் விதி, ஹென்றி விதி ஆகிய நான்கையும் அறிந்தவர் அதை விளையாடும்போது இரட்டை இன்பம் பெறுவார். எங்கே அது இயற்கையோடு ஒத்துப் போகிறது, எங்கே வழுவுகிறது என்று கண்டுபிடிப்பதும் ஒரு விளையாட்டே.

நம் கரையில் பிறந்த மாணவர் ஒருவர் நாளை இத்தகைய விளையாட்டை ஆக்க முற்பட்டால் அவருக்கு 55 மீட்டர் பூதம் வேண்டியதில்லை. பதினைந்து மீட்டர் ஆழம், ஒரு கல், ஒரு கயிறு, ஒரு மூச்சு போதும். கலங்கிய நீரில் திசை தெரியாத ஓசை, தொட்டால் எரியும் சொறி, காலடியில் மணலுக்குள் கிடக்கும் திருக்கை, மேலே கயிற்றைப் பிடித்திருக்கும் ஒருவரின் கவனம் ஆகிய இவையே அச்சத்துக்குப் போதுமானவை. கயிற்றை ஆட்டினால் மேலே இருப்பவர் இழுப்பார் என்னும் நம்பிக்கையும் அதில் இருக்கும். தனியனாகப் பிழைப்பதே வீரம் என்று கருதும் இன்றைய விளையாட்டுகளில் அந்தக் கயிறு இடம்பெறவே இல்லை.